பால்கனியிலிருந்து எடுத்த படம்

உன் கேமராப் பையின் ஜிப்பைத் திறந்ததும் முதலில் வாடைதான் வந்தது. ஈரத்துணியை மடித்து அலமாரியில் வைத்து மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. உன் மனைவி மிதாலி பௌதி இந்தப் பையை என்னிடம் கொடுத்தது பங்குனியில். "மழைக்கு முன்னாடி யாருக்காவது குடுத்துடுங்க தாதா, இல்லேன்னா நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். அவருக்கு நான் தாதா, அண்ணன்; எனக்கு அவர் பௌதி, அண்ணி. நான் இரண்டையும் செய்யவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்தேன். கல்கத்தா மழை நான்கு வாரம் விடாமல் பெய்த பிறகு, போன மாதம் ஒரு நாள் காலையில் அதை வெளியே இழுத்தேன். லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி இழை மாதிரி வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தது.

இருபது வருடம் நீ அதைப் பிஸ்கட் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துக் காப்பாற்றினாய். என் கைக்கு வந்த நான்கு மாதத்தில் கெட்டுப்போய்விட்டது. அன்றிலிருந்து உனக்கு எதையாவது எழுதவேண்டும் போலிருந்தது. ஆரம்பித்தது லென்ஸுக்காக மன்னிப்புக் கேட்கத்தான். அதற்குள் வேறு விஷயங்கள் வெளியே வந்துவிட்டன. எதை முதலில் சொல்வது என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

தமிழில் எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் இதை எழுத்துக்கூட்டிப் படித்து, இரண்டாவது பத்தியில் அலுத்துப்போய், "நீயே வாசிச்சுடுடா" என்று என்னிடமே திருப்பித் தந்திருப்பாய். இருவரும் இங்கேயே பிறந்தவர்கள்தான். என் அம்மா என்னை உட்காரவைத்துத் தமிழ் எழுதப் பழக்கினார். உன் வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை. பேச்சில் மட்டும் உன் தமிழ் குறையாமல் இருந்தது, நடுநடுவே வங்காள மொழியைச் சேர்த்துக்கொண்டு.

முதலில் ஏரிக்கரையில் நடந்ததைச் சொல்கிறேன். அதை நான் அப்போதே சரியாகக் கேட்டிருந்தால் பிறகு அத்தனை பேசியிருக்க மாட்டேனோ என்னவோ.

நீ டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோக்களில் ஸ்டில் போட்டோகிராபராக இருந்தாய். படப்பிடிப்பு இல்லாத ஞாயிறுகளில் என்னையும் ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போவாய். எனக்கு பேங்க் வேலை, கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. உன்னிடம் இரண்டு கேமரா இருந்தன, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. நல்ல லென்ஸ் ஒன்றே ஒன்று, முப்பத்தைந்து எம்எம். அது இரண்டு கேமராவிலும் பொருந்தும். ஒரு குளிர்காலக் காலையில், படகு ஓட்டும் பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். நீ பெரிய கேமராவில் ஒரு படம் எடுத்தாய். பிறகு அதே லென்ஸைக் கழற்றிச் சின்னதில் மாட்டி, என்னை நீ நின்ற அதே இடத்தில் நிறுத்தி, "இப்ப நீ எடு" என்றாய்.

உன் படத்தில் படகு, அக்கரை மரங்கள், இக்கரையில் உட்கார்ந்திருந்த தம்பதி எல்லாம் இருந்தன. என் படத்தில் படகு மட்டும்தான் இருந்தது.

"எனக்கு மட்டும் ஏன் கிட்டக்க வந்திருக்கு? லென்ஸ்ல எதையாவது திருப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"கிட்டக்க ஒண்ணும் வரலடா. லென்ஸ் அதேதான். பின்னாடி பிம்பம் விழற சென்சார் சின்னது. ஓரத்துல வர்றதை அது வாங்கிக்கல, அவ்வளவுதான்."

"புரிஞ்சுது" என்றேன்.

புரியவில்லை. பசித்தது. லேக் மார்க்கெட்டில் அந்த மெஸ்ஸில் இட்லி தீர்ந்துவிடும் என்ற கவலைதான் எனக்கு இருந்தது. நீயும் மேலே விளக்கவில்லை.

இனி அப்பாவின் எண்பதாவது பிறந்தநாள்.

உனக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்குப் பிடிபடுகிறது. என் தங்கை சுமதி வேலைக்குப் போன இடத்தில், ஜாம்ஷெட்பூரில், தானே ஒருவரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா பதினொரு வருடம் அவளோடு பேசவில்லை. நான் அவ்வப்போது போனில் பேசுவேன், அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. எண்பது நெருங்கியபோது திடீரென்று ஒரு நாள், தோசையை விண்டுகொண்டே, "அவளையும் வரச் சொல்லு" என்றார். நான் எழுந்து பால்கனிக்குப் போய் உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். நீ, "கேமராவோட வரேன்" என்றாய்.

வீட்டிலேயே ஒரு சின்ன ஹோமம் வைத்தோம். ஜாம்ஷெட்பூரிலிருந்து காலை ரயிலில் அவள் மட்டும் வந்தாள். ஹௌராவில் சாயங்கால ரயிலைப் பிடித்துத் திரும்ப வேண்டும். அப்பா அவளைப் பார்த்து, "சாப்டியா?" என்றார். அவள் தலையசைத்தாள். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்த ஒரு கேள்வியோடு முடிந்தது. அப்பாவின் தங்கை, இன்னும் மனம் இறங்காத அத்தை, சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹோமம் முடிந்ததும் எல்லோரையும் ஹாலில் நிறுத்தினாய். எங்கள் ஹால் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். பால்கனிக் கதவை ஒட்டி ஸ்டாண்டை வைத்தால், எதிர்ச் சுவருக்குப் பன்னிரண்டு அடி. நடுவில் அப்பா நாற்காலியில். மற்றவர்கள் இருபுறமும் பின்னாலும். சுமதி, "நான் ஓரமா நிக்கறேன்" என்று இடது கோடியில் போய் நின்றாள். அப்பா, "நீயும் வந்து நில்லுடா, எப்பவும் அந்தப் பொட்டிக்குப் பின்னாடியே இருக்கே" என்று உன்னைக் கூப்பிட்டார். உனக்கு வலது கோடியில் இடம் விட்டோம். நீ பெரிய கேமராவில் குனிந்து பார்த்து, எல்லோரையும் அங்கே இங்கே நகர்த்தி, சரி என்று சொல்லி பட்டனை அமுக்கினாய். அது அழுந்தவில்லை. மறுபடி அமுக்கினாய். ஷட்டர் செத்துவிட்டது என்று வங்காள மொழியில் முணுமுணுத்தாய். புரோகிதர் கிளம்பிக்கொண்டிருந்தார். சுமதி கடிகாரத்தைப் பார்த்தாள். நீ அவசர அவசரமாக லென்ஸைக் கழற்றிச் சின்ன கேமராவில் மாட்டி, அதே ஸ்டாண்டில் பொருத்தி, டைமரைப் போட்டுவிட்டு ஓடிவந்து நின்றாய்.

அது எடுத்து முடித்ததும் நீ போய்ப் பார்த்தாய். "இன்னொண்ணு. யாரும் அசையாதீங்க" என்றாய். அதற்குப் பிறகு யாரோ "போதும்" என்றார்கள். எல்லோரும் கலைந்துவிட்டார்கள். சுமதி இலையில் உட்கார்ந்து பாதி சாப்பிட்டு எழுந்து ரயிலுக்கு ஓடினாள்.

"போதும்" என்றது அப்பா என்றுதான் ஆறு வருடமாக நினைத்திருந்தேன். அவர் குரலிலேயே அது என் காதில் இருந்தது.

அந்தப் படத்தைக் கேட்டபோதெல்லாம், "தரேன் தரேன்" என்று தள்ளிப்போட்டாய். ஐந்து மாதத்தில் அப்பா போய்விட்டார். சுமதி வந்து பதினாறு நாளும் இருந்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு, சுவரில் மாட்டுவதற்கு அப்பாவின் நல்ல படம் ஒன்றுகூட இல்லை என்று உன்னிடம் சண்டைபோட்டு அந்தப் படத்தை வாங்கினேன். அப்பா முகம் அதில் அத்தனை தெளிவாக இருந்தது. வேறு எதையும் பார்க்காமல் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டேன். சுமதியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

"நான் அங்க நின்னேனே அண்ணா."

அப்போதுதான் பார்த்தேன். இடது பக்கம் அத்தையின் தோளோடு படம் முடிந்திருந்தது. சுமதி இல்லை.

நீ அன்று சாயங்காலம் வந்தாய். மேஜையில் டீ வைத்திருந்தேன். நான் உன்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அப்பா சொன்னாரா உன்கிட்ட? அவளை விட்டுடச் சொல்லி?"

"யாரும் சொல்லல."

"அத்தையா?"

"யாரும் சொல்லலைன்னு சொல்றேனே."

"பின்ன எப்படி அவ மட்டும் இல்லாம போவா? முப்பது வருஷமா படம் எடுக்கறவன் நீ. அஞ்சு மாசம் மறைச்சு வேற வெச்சிருந்தே."

நீ பால்கனிக் கதவைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு, "நான் பின்னாடி போயிருக்கணும்" என்றாய்.

அதை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் சொன்னது எல்லாவற்றையும் இங்கே எழுதக் கை வரவில்லை. சினிமாவில் யாரை வைப்பது யாரை வெட்டுவது என்று பழகிய கை என்று சொன்னேன். அதைவிட மோசமாகவும் ஒன்று சொன்னேன். நீ டீயைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாய். படியில் உன் காலடி ஒரு மாடி வரைக்கும் கேட்டது.

இரண்டு துர்கா பூஜை கழித்து மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்குமிடத்தில் நேருக்கு நேர் வந்தோம். "எப்படி இருக்கே?" என்றாய். "இருக்கேன்" என்றேன். அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் டீ, கிரிக்கெட், உன் முழங்கால் வலி, என் ரிடையர்மென்ட். அந்தப் படத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மாசியில் ஒரு மதியம் உன் இதயம் நின்றுவிட்டது. மருத்துவமனை வாசலில் பௌதி என் கையைப் பிடித்துக்கொண்டபோது, நமக்குள் ஒரு கணக்குத் தீராமல் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அப்படி யோசித்தது வெட்கமாக இருக்கிறது.

பூசணம் பிடித்த லென்ஸையும் உன் இரண்டு கேமராவையும் தூக்கிக்கொண்டு தர்மதலாவில் கேமரா ரிப்பேர் செய்யும் ஒரு மாடிக்கடைக்குப் போனேன். நீ அடிக்கடி சொல்வாயே, தாஸ்பாபு, அவரிடம்தான். உன் பெயரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு லென்ஸை விளக்கில் பார்த்து, "சுத்தம் செய்யலாம். தழும்பு கொஞ்சம் இருக்கும்" என்றார். சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் பெரிய கேமராவில் மாட்டினார். அதன் ஷட்டரை நீ பிறகு அவரிடமே கொடுத்து மாற்றியிருக்கிறாய். தன் கடையை ஒரு படம் எடுத்தார். பிறகு சின்ன கேமராவில் மாட்டி இன்னொன்று. அடுத்தடுத்து இரண்டையும் என்னிடம் காட்டினார். முதல் படத்தில் அலமாரி, அவர் காலண்டர், கதவருகே குடை எல்லாம் இருந்தன. இரண்டாவதில் அலமாரி மட்டும்தான்.

ஏரிக்கரையில் கேட்ட கேள்வியை இருபது வருடம் கழித்து அவரிடம் கேட்டேன்.

அவர் மேஜையிலிருந்த டார்ச்சை எடுத்துச் சுவரில் அடித்தார். வட்டமாக வெளிச்சம் விழுந்தது. ஒரு முழுச் செய்தித்தாளை அதில் பிடித்தார். வட்டத்தின் பெரும்பகுதி தாளில் விழுந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு போஸ்ட்கார்டைப் பிடித்தார். நடுவில் இருந்த கொஞ்சம் வெளிச்சம் மட்டும் கார்டில் நின்றது.

"டார்ச் மாறலை, தூரம் மாறலை" என்றார் வங்காள மொழியில். "லென்ஸ் எப்போதும் தன் வட்டத்தை முழுசாகத்தான் போடுகிறது. பெரிய சென்சார் நிறைய வாங்கும். சின்னது நடுவை மட்டும் வாங்கும். இரண்டையும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டால் சின்னது கிட்டக்க வந்த மாதிரி இருக்கும்."

"அப்படியென்றால் பன்னிரண்டு அடி ஹாலில், சின்ன கேமராவில் எல்லாரும் வர என்ன செய்வது?"

"பின்னால் போக வேண்டும். இதில் ஒன்றரை மடங்கு தூரம். பன்னிரண்டு அடியில் நின்றால் பதினெட்டு அடிக்குப் போகணும். போகாவிட்டால் இந்தப் பக்கம் ஓர் ஆள், அந்தப் பக்கம் ஓர் ஆள் போய்விடுவார்கள்."

பின்னாடி போயிருக்கணும் என்று நீ சொன்னது இதைத்தான். நீ எனக்குப் பதில் சொல்லியிருக்கிறாய். எனக்குத்தான் அந்த மொழி தெரியவில்லை. ஆனால் அதைவிட என்னை உலுக்கியது "அந்தப் பக்கம் ஓர் ஆள்" என்பது. டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்து, செருப்போடு ஹாலுக்குப் போய் சுவரிலிருந்து படத்தை இறக்கினேன். இடது ஓரத்தில் சுமதி இல்லை என்று ஆறு வருடமாகத் தெரியும். வலது ஓரத்தை நான் பார்த்ததே இல்லை. அங்கே கட்டம் போட்ட ஒரு சட்டைக் கை, முழங்கைக்கு மேல் மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு. அது உன் சட்டை. அந்தப் படத்தில் நீயும் இல்லை.

நீ இல்லாததை நான் கவனிக்கவே இல்லை. நீ எப்போதும் படம் எடுக்கிறவன், அதனால் படத்தில் இருக்க மாட்டாய் என்று என் கண் பழகியிருந்தது. அப்பா உன்னைக் கூப்பிட்டு நிற்கவைத்ததுகூட அன்றுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பையை முழுவதும் கொட்டினேன். பக்க ஜிப்பில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கூடு, அதில் ஒரு மெமரி கார்டு. கூட்டின் மேல் பால்பாயிண்ட் பேனாவில், புள்ளி வைக்காமல், உன் தமிழில் "அபபா 80" என்று எழுதியிருந்தாய். நீ தமிழில் எழுதி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டரில் போட்டேன். ஹோமப் படங்கள் எல்லாம் பெரிய கேமரா கார்டில் போயிருக்க வேண்டும். இதில் இரண்டே படங்கள். முதலாவது, சுவரில் இருப்பது. இரண்டாவதை நான் பார்த்ததே இல்லை.

அதன் இரண்டு பக்கமும் இருட்டாக ஒரு பட்டை தெரிகிறது. பால்கனிக் கதவின் நிலை. நீ ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பால்கனியின் கம்பி வரைக்கும் போய் அங்கிருந்து எடுத்திருக்கிறாய். ஹால் முழுதும் இருக்கிறது. அப்பா நாற்காலிக் கைகளை ஊன்றிப் பாதி எழுந்த நிலையில், முகத்தை இடது பக்கம் திருப்பிச் சுமதியைப் பார்க்கிறார். சுமதி ஓர் அடி முன்னால் எடுத்து வைத்துக் கையை அவர் பக்கம் நீட்டியிருக்கிறாள், அவரைப் பிடித்துக்கொள்ள. அத்தை தரையைப் பார்க்கிறார். அவர்களுக்கு நடுவில், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வலது கையை உயரத் தூக்கி, எல்லோரையும் உள்ளே சாப்பாட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான்.

அது நான்.

"போதும்" என்றது அப்பா இல்லை. அந்தப் படத்தைப் பார்த்த நிமிடத்தில் என் காதில் இருந்த குரல் மாறிவிட்டது. "போதும்டா, இலை போட்டாச்சு, எல்லாரும் வாங்க." என் குரல்தான். நீ பின்னால் போனாய். போய்ச் சேருவதற்குள் நான் கலைத்துவிட்டேன்.

இந்தப் படத்தை நீ ஏன் என்னிடம் காட்டவில்லை? அன்று நான் அத்தனை பேசினபோது, போனை எடுத்து இதை என் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு சுற்றினேன். மூன்றாம் நாள் சுமதிக்குப் போன் செய்தேன். அப்பாவின் திதிக்குத் தேதியை குரூப்பில் போடுவேன், அவள் கைகூப்பும் படம் போடுவாள், அவ்வளவுதான் எங்களுக்குள் மிச்சம் இருந்தது. என் குரலைக் கேட்டதும், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. அப்பா எண்பதுக்கு எடுத்த படம் இன்னொண்ணு கெடைச்சிருக்கு. அதுல நீ இருக்கே. அனுப்பட்டுமா?"

அந்தப் பக்கம் குக்கர் சத்தம். அவள் அடுப்பை அணைப்பது கேட்டது.

"கதவு தெரியுமே, அதுவா?" என்றாள். "அது எங்கிட்ட இருக்கு அண்ணா."

"எப்பலேர்ந்து?"

"அப்பா காரியம் முடிஞ்ச மாசமே. கூரியர்ல வந்துது. பெரிசா பிரிண்ட் போட்டு அனுப்பியிருந்தார். எங்க பெட்ரூம்ல இருக்கு."

அப்படியானால் நான் உன்னிடம் கத்தின அதே மாதத்தில் நீ இதை பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்கிறாய்.

"எங்கிட்ட ஏன் சொல்லல சுமதி?"

"அவர் போன் பண்ணினார். உங்கண்ணன்கிட்ட இப்ப இதைப் பத்திப் பேச வேண்டாம்னார். ஏன்னு நான் கேக்கல. நீ அதுல முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறதால இருக்கும்னு நெனச்சேன்."

"அப்போ உனக்குக் கோபம் இல்லையா? நீ கோச்சுக்கிட்டுத்தான் வராம இருக்கேன்னு நெனச்சேனே."

"படத்துல இல்லாததுக்காகவா வராம இருப்பாங்க?" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "நீ கூப்பிடல அண்ணா. ஆறு வருஷத்துல ஒரு தடவை வான்னு சொல்லல. திதிக்குத் தேதி மட்டும் போட்டே. எல்லாருக்கும் போடற மாதிரி."

நான் பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். கீழே தெருவில் ரிக்ஷாக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் விரிப்பை உதறிக்கொண்டிருந்தார். அவர் அதை மடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு, "ஞாயித்துக்கெழமை வரியா?" என்றேன். "வரேன்" என்றாள்.

பௌதியிடம் போய்க் கேட்டேன், உன் மனதில் என்ன இருந்தது என்று. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் அதற்குள் எனக்கென்று ஒரு கதை கட்டிக்கொண்டு போயிருந்தேன். அப்பா போன துக்கத்தில் இருந்த எனக்கு இன்னொரு பாரம் வேண்டாம் என்று நீ உன் மேல் பழியை ஏற்றுக்கொண்டாய் என்று. அதைச் சொன்னதும் பௌதி தலையை ஆட்டினார்.

"முதலில் அப்படித்தான் சொன்னார். 'அவனுக்கு அப்பா போயிருக்கார், இப்ப வேண்டாம்' என்று. ஆனால் அவரை மகானாக்காதீங்க தாதா. உங்க மேல ரொம்பக் கோபம். இரண்டு வருஷம் இந்த வீட்டில் உங்க பேரைச் சொல்ல விடமாட்டார். நான் ஒரு தடவை, போய்ப் படத்தைக் காட்டிவிட்டு வாங்களேன் என்றேன். 'அவனாவே கேட்கட்டும்' என்றார்."

"அப்புறம்? நாங்கதான் மறுபடி பேச ஆரம்பிச்சோமே."

"அப்புறம் எனக்குத் தெரியாது. மறந்துட்டாரா, விட்டுட்டாரான்னு எனக்கும் தெரியாது. நானும் கேட்கலை."

அவர் சொன்ன வார்த்தையை வழி நெடுக அசைபோட்டுக்கொண்டே வந்தேன். அவனாவே கேட்கட்டும். வாரா வாரம் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தோமே, அப்போதெல்லாம் நான் கேட்பேன் என்று காத்திருந்தாயா? கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில நாள் நீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாய். முழங்கால் வலி என்று நினைத்து, டாக்டரை மாற்று என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சுமதி வந்தாள். இந்தத் தடவை கணவரோடு. நாங்கள் மூவருமாக டாலிகஞ்சுக்கு உன் வீட்டுக்குப் போனோம். சுமதியும் பௌதியும் வங்காள மொழியில் பேசினார்கள். ஒரு கட்டத்தில் இருவரும் அழுதார்கள், பிறகு பௌதி தட்டில் இனிப்பு வைத்து, "சாப்பிடாமல் எழுந்தால் அவருக்குப் பிடிக்காது" என்றார். திரும்பும்போது மெட்ரோவில் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, அன்னைக்கு ஏன் அப்படி அவசரப்பட்டே?"

"இலை போட்டாச்சு. சாப்பாடு ஆறிடும்னு."

அவள் சரி என்பதுபோல் தலையசைத்தாள். நான் சொன்னதை நம்பினாளா என்று தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை, அதுதான் நிஜம். உண்மையாகவே சாப்பாட்டுக்காகத்தான் இருக்கலாம். அத்தை ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயமாக இருக்கலாம். இல்லை, பதினொரு வருடம் அப்பாவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, ஆஸ்பத்திரி வரிசைகளில் நின்றவன் நான். அன்று ஒரு நாள் வந்தவளை அவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது என் முதுகுக்கே தெரிந்துவிட்டதோ என்னவோ. இந்த மூன்றாவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். என் முகம் அதில் இல்லை.

லென்ஸ் சுத்தமாகி வந்துவிட்டது. அதை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை, நானே பழகுகிறேன். பெரிய கேமராவில் எவ்வளவு வரும், சின்னதில் எவ்வளவு விட்டுப்போகும் என்பது இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிறது. அதில் எனக்குக் குழப்பம் இல்லை. எனக்குப் புரியாதது வேறு, அதை உன்னிடம் கேட்டுவிட்டு முடிக்கிறேன். நீயாகச் சொல்லமாட்டாய், நானாகக் கேட்கவேண்டும் என்றாயாம். கேட்கிறேன்.

பால்கனிக் கம்பியில் சாய்ந்துகொண்டு கண்ணைக் கேமராவில் வைத்தபோது, அந்த ஹாலை ஓரம் விடாமல் பார்த்தவன் நீ ஒருவன்தான். நான் கையைத் தூக்குவதற்கு ஒரு நொடி முன்னால் உன் பக்கம் திரும்பித்தான் இருந்திருப்பேன். அப்போது என் முகம் எப்படி இருந்தது?